டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில கார்னா ஓவியம்: எங்க ஏரியால கருத்து கேக்கறாங்க, என்ன எழுதலாம்?

மல்லிகைக்கொடி (அடிலெய்டு):

எல்லாருக்கும் வணக்கம். எங்க பார்க் ஓரத்துல ஒரு பச்சை டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி இருக்கு, கடைத்தெருவுக்கு பின்னாடி ஒரு சின்ன சப்ஸ்டேஷன், அதுக்கு நீளமா ஒரு சுவர். ரெண்டுலயும் கார்னா ஓவியர் ஒருத்தரை வச்சு வரையலாம்னு கவுன்சிலும் கரண்ட் கம்பெனியும் சேர்ந்து திட்டம் போட்டிருக்காங்க. குடியிருக்கறவங்க கருத்து எழுதி அனுப்பலாம்னு லெட்டர் வந்துருக்கு. அடிலெய்டு சமவெளி மொத்தமும் கார்னாங்கற ஆதிக்குடி (அபோரிஜினல்) மக்களோட மண்ணு, வெளியூர்ல இருந்து படிக்கறவங்களுக்காக சொல்றேன்.

கரண்ட் சாமான் மேல படம் வரையறது இந்த ஊருக்கு புதுசு இல்ல. இங்க தெருவுக்கு தெரு நிக்கற ஸ்டோபி கம்பத்தை பாத்தவங்களுக்கு தெரியும். ஜேம்ஸ் சிரில் ஸ்டோபின்னு ஒரு இன்ஜினியர் 1924ல கண்டுபிடிச்சது, ரெண்டு பக்கமும் இரும்பு சட்டம் நடுவுல கான்கிரீட், ஏன்னா இந்த மாநிலத்துல கம்பத்துக்கு ஏத்த மரமும் கிடைக்காது, கிடைச்ச மரத்தையும் கரையான் தின்னுடும். இப்ப ஆறு லட்சத்துக்கும் மேல நிக்குது. 1980கள்லயே கிளிஃப்டன் பியூ மாதிரி பெரிய ஓவியர்கள் அதுல வரைஞ்சிருக்காங்க, இன்னிக்கும் பல தெருவுல ஸ்கூல் பசங்க வரைஞ்ச கம்பம் இருக்கு.

எனக்கு இது கண்டிப்பா நடக்கணும். ஆனா தெரு வாட்ஸ்அப் குரூப்புல ஒருத்தர் "காசு வேஸ்ட்"ங்கறார், இன்னொருத்தர் "புள்ளி புள்ளியா வச்சா அழகா இருக்கும்"ங்கறார், இன்னொருத்தர் பூவும் கிளியும் போதும்ங்கறார். வெறுமனே "நல்ல திட்டம், ஆதரிக்கிறேன்"னு ஒரு வரி எழுதி அனுப்பறதுல எனக்கு திருப்தி இல்ல. எத கேக்கணும், எத வலியுறுத்தணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மின்கம்பி (பெர்த்):

நான் இந்தப் பெட்டிகளோடயே வேலை பாக்கறவன், அதனால முதல்ல பெட்டியப் பத்தி சொல்லிடறேன். உள்ள 11 ஆயிரம் இல்ல 22 ஆயிரம் வோல்ட் வந்து வீட்டுக்கு போற வோல்டேஜா இறங்குது, அந்த வேலையில டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும், அந்த சூடு வெளிய போக பக்கவாட்டுல காத்து வழி வச்சிருப்பாங்க. அந்த வழியில பெயிண்ட் அடைக்கக் கூடாது, படம் ஒட்டற ஷீட்டும் அத மூடக் கூடாது. அபாய எச்சரிக்கை, பெட்டி நம்பர், அவசர போன் நம்பர் எல்லாம் பளிச்சுனு தெரியணும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபால்ட் வந்தா அந்த நம்பரை வச்சுத்தான் நாங்க பெட்டிய கண்டுபிடிக்கறோம். அப்புறம் அடிலெய்டு வெயில்ல முழுக்க கருப்பு, கரும்பழுப்பு அடிச்சா வெயில் சூடும் சேர்ந்து ஏறும், அதையும் டிசைன் பண்ணும்போதே பேசிடணும்.

இதெல்லாம் ஓவியருக்கு முன்னாடியே சொல்லிட்டா அவங்க அதுக்கு ஏத்தபடி அழகா பண்ணிடுவாங்க. பிரச்சனை எங்க வரும்னா டிசைன் எல்லாம் முடிஞ்சு, கார்னா சமூகத்து மூத்தவங்க கிட்ட காட்டி ஒப்புதலும் வாங்கினதுக்கு அப்புறம் கம்பெனி சேஃப்டி ஆளு வந்து "இந்த இடத்துல மஞ்சள் ஸ்டிக்கர் வரும்"னு நடுவுல கொண்டுபோய் ஒட்டறது. ஒரு கதையோட முக்கியமான பகுதி மேல போய் ஸ்டிக்கர் ஒட்டினா அந்த சமூகத்துக்கு எப்படி இருக்கும்? அதனால ஸ்டிக்கர் வர்ற இடம், கதவு திறக்கற கோடு, பூட்டு, காத்து வழி எல்லாம் குறிச்ச அளவு வரைபடத்தை முதல் நாளே ஓவியர் கையில குடுக்கணும்னு எழுதுங்க.

இன்னொண்ணு, பெட்டி முப்பது நாப்பது வருஷம் நிக்கும், வெயில்ல பெயிண்ட் அவ்ளோ நாள் தாங்காது. மங்கினா யாரு திருப்பி வரையறது, அதுக்கு காசு யாரு தர்றது? இது எழுத்துல இல்லாத திட்டங்கள்தான் பத்து வருஷம் கழிச்சு உரிஞ்சு போய் நிக்குது.

கடலோரன் (நியூகாசில்):

படம் வரைஞ்ச பெட்டில கிறுக்கறது குறையும்ங்கறது நெசம். எங்க பக்கம் வெறும் பச்சை பெட்டில மாசம் ஒருக்கா கிறுக்கிட்டுப் போவானுங்க, படம் வந்த பெட்டிய தொடல. மேல ஒரு கிளியர் கோட்டிங் அடிக்க சொல்லுங்க, அதுக்கு மேல கிறுக்கினா துடைச்சிடலாம்.

தெற்குவாசல் (ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்):

நான் நர்ஸ். இங்க சுத்துப்பட்டு சமூகங்களுக்கு போய் வந்து வேலை பாக்கறேன். இந்த இழைய படிச்சதும் ஒண்ணு சொல்லாம இருக்க முடியல, யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

நார்தர்ன் டெரிட்டரில தொலைதூர அபோரிஜினல் சமூகங்கள்ல பெரும்பாலான வீட்டுல ப்ரீபெய்டு மீட்டர். காசு போட்டா கரண்ட், காசு தீர்ந்தா மீட்டர் தானா கட் பண்ணிடும். 28 சமூகங்கள், சுமார் 3,300 வீடுகளோட மீட்டர் கணக்கை எடுத்து பண்ணின ஆய்வு 2021ல நேச்சர் எனர்ஜி இதழ்ல வந்துச்சு. 2018-19 ஒரே வருஷத்துல 91 சதவீத வீடுகள்ல ஒரு தடவையாவது கரண்ட் போயிருக்கு. 74 சதவீத வீட்டுல பத்து தடவைக்கு மேல. வெயில் ரொம்ப ஏறற நாள்லயும் குளிர் ரொம்ப இறங்கற நாள்லயும்தான் அதிகமா போகுது, ஏன்னா அன்னிக்குத்தான் கரண்ட் அதிகமா வேணும். இன்சுலின் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. வீட்டுல டயாலிசிஸ் பண்றவங்க இருக்காங்க. கைக்குழந்தை இருக்கு. நாப்பது டிகிரிக்கு மேல வெயில்.

நகரத்துல இருக்கறவங்களுக்கு கரண்ட் பெட்டில அபோரிஜினல் ஓவியம், அபோரிஜினல் மக்களோட வீட்டுல கரண்ட் இல்ல. இத ரெண்டையும் ஒரே நாட்டுல வச்சு பாக்கும்போது எனக்கு மனசு ஆறல. படம் வேணாம்னு சொல்ல வரல. ஆனா அந்த படத்தை பாத்துட்டு "நாங்க மதிக்கறோம்"னு ஒரு நிம்மதி வந்துடுது பாருங்க, அந்த நிம்மதி மேலதான் எனக்கு கோவம்.

மல்லிகைக்கொடி:

தெற்குவாசல் அக்கா, தப்பா எடுத்துக்கவே மாட்டேன், இந்த நம்பர் எனக்கு தெரியாது. படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், எங்க கவுன்சிலோட சின்ன பட்ஜெட்ல ஒரு சுவருக்கு படம் வரையலைன்னா அந்த காசு அந்த மீட்டருக்கு போகப் போறது இல்லையே? ரெண்டும் வேற வேற பை. படத்தை நிறுத்தினா இங்க ஒரு கார்னா ஓவியருக்கு வேலை போகும், அங்க யாருக்கும் கரண்ட் வராது.

தெற்குவாசல்:

பை வேறதான், ஒத்துக்கறேன். நான் நிறுத்த சொல்லல. அந்த சுவர்ல என்ன வரையறாங்க, எவ்ளோ காசு குடுக்கறாங்க, யாரு முடிவு பண்றாங்கங்கறத எல்லாம் கேக்கற மாதிரியே, இந்த மீட்டர் விஷயத்தையும் கேளுங்கன்னு சொல்றேன். படத்தை பாத்து கை தட்டற கூட்டம் இதையும் கேட்டா கேக்கறவங்க எண்ணிக்கை கூடும்ல.

யாழ்க்கரை (சிட்னி):

தங்கச்சி, அந்த "புள்ளி புள்ளியா வச்சா வடிவா இருக்கும்" எண்டு சொன்னவருக்கு ஒரு பதில் எழுதுறன், கொஞ்சம் நீளமாப் போகும். நான் கனகாலம் பள்ளிக்கூடத்தில ஓவியம் படிப்பிச்சனான், இந்த விசயம் எனக்கு நெஞ்சுக்குக் கிட்ட இருக்கிறது.

புள்ளி வைச்சுக் கீறுறது எண்டு உலகம் முழுக்கத் தெரிஞ்ச அந்த முறை நடு ஆஸ்திரேலியாப் பாலைவனத்து ஆக்களின்ர. 1971ல பப்புன்யா எண்ட இடத்தில பள்ளிக்கூடச் சுவரில காப்பா ஜாம்பிஜின்பாவும் மற்றப் பெரியவையும் சேர்ந்து தேனெறும்புக் கனவுக்காலக் கதைய, அதாவது உலகம் உண்டான காலத்து மூதாதையர் கதைய, கீறிச்சினம். அதுக்குப் பிறகுதான் அந்தப் பாலைவன ஓவிய இயக்கமே பலகையிலயும் துணியிலயும் பெருகினது, 1972ல அவையே தங்கட சொந்தக் கம்பனியா பப்புன்யா தூலாவத் தொடங்கிச்சினம். அந்தச் சுவருக்கு என்ன நடந்தது தெரியுமோ? 1974ல அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சு மூடிப்போட்டினம். உலகக் கலை வரலாற்றில இடம் பிடிச்ச ஒரு சுவர், ஆனா அந்தச் சுவர் கீறின ஆக்களின்ர கையில இருக்கேல்ல. பொதுச் சுவர் எண்டு வரேக்க இதை நான் எப்பவும் நினைக்கிறனான்.

இனி, வடக்கில ஆர்னம் லாண்டில மரப்பட்டையில மெல்லிய குறுக்குக் கோடுகள். எங்கட நியூ சவுத் வேல்ஸ் பக்கம் கமிலரோய், விராஜுரி ஆக்கள் உயிர் மரத்திலயே ஆழமாக் கோடு செதுக்கினவை. விக்டோரியாப் பக்கம் பொஸம் எண்ட மரவிலங்கின்ர தோல் போர்வையில கீறின கோடுகள். ஒவ்வொரு நிலத்துக்கும் அதின்ர கை இருக்குது. சிட்னியில டாருக் ஆக்களின்ர நிலத்தில நிக்கிற பெட்டிக்கு பாலைவனப் புள்ளி கேக்கிறது, அடிலெய்டில கார்னா ஓவியரிட்ட அதையே கேக்கிறது, அந்த ஓவியரை அவற்ற சொந்த வாசலில நிப்பாட்டி "உன்ர வேண்டாம், மற்றவன்ர செய்" எண்டு சொல்லுற மாதிரி. இண்டைக்கு எத்தினையோ இளம் ஓவியர்கள் ஸ்பிரே கானிலயும் கொம்பியூட்டரிலயும் தங்கட மாதிரிச் செய்யினம், ரெக்கோ ரெனி கமிலரோய் வடிவங்களை நியோன் நிறத்தில பெரிய கட்டிடங்களுக்கே போட்டவர். அதுவும் அபோரிஜினல் கலைதான். கடிதத்தில "எந்தப் பாணி எண்டதை ஓவியரும் அவற்ற மூத்தோரும் முடிவு செய்யட்டும்" எண்டு வடிவா எழுதுங்கோ.

பனிக்காடு (ஹோபார்ட்):

யாழ்க்கரை ஐயா சொன்னதை அப்படியே வழிமொழியறேன். பல வருஷமா இங்க இருந்தும் இந்த வித்தியாசம் எனக்கு யாரும் சொல்லித் தரல.

சாம்பல்குருவி (மெல்பர்ன்):

சட்டப் பக்கம் நான் கொஞ்சம் சொல்றேன், என் வேலை காப்புரிமை சம்பந்தப்பட்டது. பொதுவான தகவல்தான், ஒப்பந்தம் போடும்போது ஓவியர் பக்கம் தனி வக்கீல் இருக்கறது நல்லது.

யாழ்க்கரை ஐயா சுவரப் பத்தி சொன்னதும் எனக்கு நோட்டு ஞாபகம் வந்துச்சு. 1966ல ஆஸ்திரேலியா டாலருக்கு மாறினப்போ ஒரு டாலர் நோட்டுல டேவிட் மலாங்கியோட மரப்பட்டை ஓவியத்தை போட்டாங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, யாரோ பேர் தெரியாத பழைய கலைஞர்னு நெனச்சுட்டாங்களாம், மனுஷன் உயிரோட ஆர்னம் லாண்ட்ல இருக்கார். விஷயம் வெளிய வந்ததும் 1,000 டாலர், ஒரு மெடல், ஒரு மீன்பிடி பெட்டி குடுத்தாங்க. நாட்டுல இருந்த ஒவ்வொரு பர்ஸ்லயும் அவரோட படம் போய் உக்காந்தாச்சு அதுக்குள்ள. அந்தப் படம் இறந்தவருக்கு செய்யற சடங்கப் பத்தினது, அலங்காரத்துக்கு வரைஞ்சது இல்ல.

1994ல மில்புருரு வழக்கு, ஓவியங்களை கேக்காம கம்பளத்துல நெய்து வித்தவங்களுக்கு எதிரா தீர்ப்பு வந்துச்சு. அதவிட இந்த இழைக்கு முக்கியமானது 1998ல வந்த புலுன் புலுன் வழக்கு. ஓவியர் ஜான் புலுன் புலுனுக்கு காப்புரிமை இருந்தாலும் அந்தக் கதை அவரோட குலத்துக்கு சொந்தம், அத எங்க எப்படி பயன்படுத்தறதுங்கறதுல குலத்துக்கு அவர் கடமைப்பட்டவர்னு நீதிபதி சொன்னார். இதோட அர்த்தம் என்னன்னா கம்பெனி ஒரு ஓவியர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டா மட்டும் வேலை முடியல, அந்தக் கதைய பொது இடத்துல வைக்க உரிமை உள்ளவங்க சரின்னு சொல்லணும். சில கதை ஆம்பளைங்களுக்கு மட்டும், சிலது பொம்பளைங்களுக்கு மட்டும், சிலது வெளிய சொல்லவே கூடாது. இந்தப் பேச்சு மூத்தவங்களோட நடக்க நேரம் பிடிக்கும், அந்த நேரத்துக்கும் காசு குடுக்கணும், டீ பிஸ்கட் குடுத்து அனுப்பக் கூடாது.

நடைமுறையில கேக்க வேண்டியது: காப்புரிமை ஓவியர்கிட்டயே இருக்கட்டும், கம்பெனி அந்தப் பெட்டிலயும் சுவர்லயும் வைக்க மட்டும் உரிமம் வாங்கட்டும். அதே படத்தை நாளைக்கு பில்லுல, வேன்ல, வருஷாந்திர அறிக்கைல போடணும்னா தனியா கேட்டு தனியா காசு. நிறைய பேருக்கு தெரியாத ஒரு விஷயம், பொது இடத்துல நிரந்தரமா இருக்கற சிற்பத்தை போட்டோ எடுத்து பயன்படுத்த இங்க சட்டத்துல விலக்கு இருக்கு, ஆனா சுவர் ஓவியத்துக்கு அந்த விலக்கு இல்ல. அதனால காலண்டர் அடிக்கறவங்க கூட அனுமதி வாங்கித்தான் ஆகணும். 2000ல கொண்டுவந்த தார்மீக உரிமைப்படி ஓவியர் பேரை போடணும், படத்தை சிதைக்கக் கூடாது. பெட்டிய எடுக்கவோ மேல பெயிண்ட் அடிக்கவோ போறாங்கன்னா முன்கூட்டியே ஓவியருக்கு சொல்லணும், அத ஒப்பந்தத்துலயே போட்டுட்டா சண்டை வராது.

அபோரிஜினல் கொடியே எவ்ளோ பாடு பட்டுச்சு பாருங்க. ஹரால்ட் தாமஸ் 1971ல வடிவமைச்சது, காப்புரிமை அவருது, துணியில போட ஒரு தனியார் கம்பெனி உரிமம் வச்சிருந்ததால அபோரிஜினல் அமைப்புகளே டி-ஷர்ட்ல போட காசு கட்ட வேண்டிய நிலை. 2022 ஜனவரில அரசு 2 கோடி டாலருக்கு கொஞ்சம் மேல குடுத்து வாங்கினப்புறம்தான் எல்லாரும் பயன்படுத்தறாங்க. உரிமை யார் கையில இருக்குங்கறது சும்மா பேப்பர் விஷயம் இல்ல.

வெயில்காலம் (பிரிஸ்பேன்):

கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் கரண்ட் பில் கட்டறோம், எல்லா நாட்டுக்காரங்களும் இருக்கற தெரு. ஏன் ஒரு சமூகத்தோட ஓவியம் மட்டும்? பல பண்பாடும் கலந்த மாதிரி ஒரு படம் வச்சா எல்லாருக்கும் சொந்தம்னு தோணுமே. நம்ம கோலமும் வரலாமே அதுல. 2023 அக்டோபர் வாக்கெடுப்புல 60 சதவீதம் பேர் வேணாம்னு போட்டாங்க, ஜனங்க மனசு அப்படி இருக்கும்போது இத திணிக்கற மாதிரி ஆகாதா?

யாழ்க்கரை:

தம்பி, அந்த வாக்கெடுப்பு அரசியலமைப்பில நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லுற ஒரு குரலைப் போடுறதோ எண்டதப் பற்றினது. தங்கட நிலத்தில தங்கட கதையக் கீறலாமோ எண்டு ஒருத்தரும் வாக்குக் கேக்கேல்ல.

கோலத்துக்கு இடம் இருக்குது. பொங்கல் விழாவுக்கு, எங்கட சங்கக் கட்டிடத்துக்கு, கவுன்சில் மண்டபத்துக்குப் போடலாம், நானே போட்டிருக்கிறன். ஆனா இந்தப் பெட்டி நிக்கிறது மண்ணில, அதுக்குள்ள போற கேபிள் மண்ணுக்குள்ளால போகுது, அந்த மண் ஒப்பந்தம் ஒண்டும் இல்லாமல் எடுக்கப்பட்டது. 1992 மாபோ தீர்ப்பு வரும்வரைக்கும் இந்த நாட்டுச் சட்டம் இது ஆருக்கும் சொந்தமில்லாத நிலம் எண்ட நினைப்பிலதான் நடந்தது. லைன் இழுக்கேக்கயும் சப்ஸ்டேஷன் கட்டேக்கயும் ஆரும் அவையக் கேட்டிருப்பினமோ? நாங்களும் ஊரில காணியும் வீடும் விட்டிட்டு ஓடி வந்த சனம், வந்து நிண்ட இடம் இன்னொருத்தற்ற காணி. எனக்கு அவை தந்த இடத்துக்கு ஒரு மரியாதை செய்ய ஏலும் எண்டா, அந்தச் சுவரில முதலில அவையின்ர கதை வரட்டும் எண்டு சொல்லுறதுதான்.

வெயில்காலம்:

ஐயா, அந்த மண்ணு விஷயத்தை நான் இந்தக் கோணத்துல யோசிக்கல. இருந்தாலும் தெருவுல இருக்கறவங்க கிட்ட பேசாம மேல இருந்து முடிவு வந்தா எதிர்ப்பு வரும்ங்கறத மட்டும் சொல்றேன், அதுல நான் மாறல.

மின்கம்பி:

பேசணும், அது சரிதான். நல்லா பண்ற இடத்துல ஓவியர் தெருவுல நின்னு வரையும்போதே ஜனங்க வந்து கேப்பாங்க, அங்கயே பாதி பேச்சு நடந்துடும். பக்கத்து ஸ்கூல் பசங்களை கூட்டிட்டு வந்து கதை சொல்ல வைக்கறதும் உண்டு. ஷீட்டுல பிரிண்ட் போட்டு ராத்திரியோட ராத்திரியா ஒட்டிட்டு போனா அது நடக்காது. சீக்கிரம் முடியும், மலிவுங்கறதுக்காக ஷீட் கேப்பாங்க, பெட்டிக்கு ஷீட் சரி, ஆனா அந்த நீளச் சுவருக்கு கையால வரையறதுதான் நல்லதுன்னு என் கருத்து.

தெற்குவாசல் சொன்னதுல இருந்து ஒரு விஷயம் நீட்டிக்கறேன். உங்க மாநிலத்துலயே ஜேம்ஸ்டவுன் பக்கம் ஹார்ன்ஸ்டேல் காத்தாலை இருக்கு, 99 காத்தாடி, 315 மெகாவாட், பக்கத்துலதான் 2017ல வந்த அந்தப் பேர் போன பெரிய பேட்டரி. அங்க ரெண்டு காத்தாடி கோபுரத்தோட அடிப்பகுதில நுகுனு, ஙாஜுரிங்கற ஆதிக்குடி மக்களோட ஓவியர்கள் வரைஞ்ச படம் இருக்கு. போட்டோல பாத்தா அந்த பெரிய வெள்ளை தூணுக்கு அது உயிர் குடுக்குது, அந்த நிலத்துல வேலை பாக்கறவங்களுக்கு தினமும் இது யாரு இடம்னு ஞாபகப்படுத்தும்.

அதே மாநிலத்துல போர்ட் அகஸ்டா பக்கம் புங்காலா சோலார், 220 மெகாவாட். அந்த நிலமே புங்காலா அபோரிஜினல் கார்ப்பரேஷனோடது, கம்பெனி அவங்ககிட்ட குத்தகைக்கு எடுத்திருக்கு. தொடர்ந்து வருமானம் வர்ற உறவு அது. எங்க மாநிலத்துல பில்பராவுல யிஞ்சிபார்ண்டி மக்கள் 2023ல ஒரு எரிசக்தி கம்பெனியோட சேர்ந்து தங்களோட சொந்த கார்ப்பரேஷன் ஆரம்பிச்சிருக்காங்க, 3 ஜிகாவாட் வரைக்கும் திட்டம், அதுல 25ல இருந்து 50 சதவீதம் வரைக்கும் பங்கு அவங்களுது, எங்க காத்தாடி வரலாம் எங்க வரக் கூடாதுங்கறதுலயும் அவங்க ஒப்புதல் இல்லாம நகர முடியாது.

நான் சொல்ல வர்றது, படம் குத்தகை பங்கு இதெல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு எதிரி இல்ல. ஆனா படம் மட்டும் குடுத்துட்டு பங்கு கேக்கும்போது கதவ சாத்தற கம்பெனிய நாம அடையாளம் கண்டுக்கணும்.

சாம்பல்குருவி:

இதுக்கு மெல்பர்ன்ல ஒரு உதாரணம், கரண்ட் சம்பந்தப்பட்டது இல்ல ஆனா பொருந்தும். ஸ்வான்ஸ்டன் ஸ்ட்ரீட் முனையில ஒரு உசந்த அபார்ட்மெண்ட் கட்டிடம், அதோட பால்கனி வளைவுகளையே வச்சு அந்த மண்ணோட வுருன்ஜெரி மக்கள் தலைவர் வில்லியம் பராக்கோட முகம் தெரியற மாதிரி 2015ல கட்டினாங்க. தூரத்துல இருந்து பாத்தா அசந்து போயிடுவீங்க. ஆனா கொரண்டெர்க்ங்கற இடத்துல தன் ஜனங்களோட நிலத்துக்காக வாழ்நாள் பூரா போராடின மனுஷனோட முகம், அந்த முகத்துக்குள்ள இருக்கற ஒரு வீட்டையும் அவரோட ஜனங்கள்ல எத்தனை பேர் வாங்க முடியும்னு கேள்வி வந்துச்சு. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கேள்வியோடதான் பாக்கறேன். முகம் நல்லாத்தான் இருக்கு.

கடலோரன்:

ஓவியர் நெசமாவே அபோரிஜினல்தானான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? போலி நிறைய இருக்குன்னு கேள்விப்பட்டேன்.

சாம்பல்குருவி:

போலி பெரும்பாலும் சுவனீர் கடையில. பூமராங்கும் டிஜெரிடூங்கற ஊதுகுழலும் இந்தோனேசியாவுல செஞ்சு அபோரிஜினல் ஆளு கையால வரைஞ்சதுன்னு வித்த ஒரு கம்பெனிக்கு 2019ல கோர்ட் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டுச்சு. 2022ல அரசோட உற்பத்தித்திறன் ஆணையம் கொடுத்த அறிக்கைல, இந்த மாதிரி நினைவுப்பொருள் வாங்க செலவாகற காசுல பாதிக்கு மேல போலிக்குத்தான் போகுதுன்னு இருக்கு. தெரு ஓவியத்துல அவ்ளோ பயம் வேணாம், உள்ளூர் மூத்தோர் வழியா ஓவியரை தேர்ந்தெடுத்தா அவங்களுக்கு யாரு குடும்பம் யாருன்னு தெரியும். நம்ம போய் ஒருத்தர் தோல் நிறத்தை பாத்து கேள்வி கேக்கற வேலை மட்டும் வேணவே வேணாம், அது ரொம்ப காயப்படுத்தற விஷயம்.

தெற்குவாசல்:

நல்லதும் சொல்லணும்ல, அதனால திரும்ப வந்தேன். டார்வினுக்கு தெக்க எலியட் ஊர் பக்கத்துல மார்லின்ஜான்னு ஒரு சின்ன சமூகம். ப்ரீபெய்டு மீட்டரோட வருஷக்கணக்கா தவிச்சவங்க. அவங்களே முன்ன நின்னு, ஒரிஜினல் பவர்ங்கற அமைப்போட சேர்ந்து 100 கிலோவாட் சோலாரும் 136 கிலோவாட்-மணி பேட்டரியும் வச்சு 2024ல மைக்ரோகிரிட், அதாவது ஊருக்குள்ளயே ஓடற சின்ன மின் அமைப்பு, ஓட ஆரம்பிச்சிருக்கு. சோலார்ல வர்ற கரண்டோட பலன் ஒவ்வொரு வீட்டு மீட்டருக்கும் பங்கு பிரிஞ்சு போகுது. சொந்த கரண்ட். இந்த மாதிரி இடத்துல அந்த ஜனங்களே பேட்டரி பெட்டி மேல தங்களோட கதைய வரைஞ்சா, அதப் பாக்க நான் லீவு போட்டுட்டு போவேன்.

மல்லிகைக்கொடிக்கு: உங்க ஊர் சுவரையும் பாக்க வருவேன் மா. முன்ன கொஞ்சம் சூடா எழுதிட்டேன், ஆனா சொன்னதை வாபஸ் வாங்கல.

மல்லிகைக்கொடி:

வாபஸ் வாங்கவே கூடாது அக்கா. உங்க நம்பரை வச்சு எங்க எம்பிக்கு தனியா ஒரு லெட்டர் எழுதறேன், அத இந்த கவுன்சில் படிவத்துக்குள்ள திணிச்சா ரெண்டும் நீர்த்துப் போகும்னு தோணுது.

படிவத்துக்கு இப்ப வரைக்கும் எழுதினது இது, பாத்து திருத்துங்க: "இந்தத் திட்டத்தை நான் முழு மனசா ஆதரிக்கிறேன். என்ன கதை, என்ன பாணி, என்ன நிறம்ங்கறத கார்னா ஓவியரும் கார்னா மூத்தோரும் முடிவு செய்யணும், குடியிருப்போர் ஓட்டெடுப்புல முடிவு செய்யக் கூடாது. மூத்தோரோட ஆலோசனை நேரத்துக்கும் ஓவியரோட டிசைன் நேரத்துக்கும் தனித்தனியா சம்பளம் தரணும். காப்புரிமை ஓவியரிடமே இருக்கணும், கம்பெனி விளம்பரத்துக்கு தனி அனுமதி. பாதுகாப்பு ஸ்டிக்கர் இடங்களை டிசைனுக்கு முன்னாடியே குடுத்துடணும். பராமரிப்புக்கு எத்தனை வருஷம், யார் பொறுப்பு, மங்கினா அதே ஓவியரை கூப்பிடுவீங்களான்னு எழுத்துல சொல்லணும். ஓவியர் வரையும் நாட்கள்ல தெரு மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் வந்து பேச ஏற்பாடு வேணும்." வெயில்காலம் சொன்னதுக்காகத்தான் அந்த கடைசி வரி.

யாழ்க்கரை:

வடிவா இருக்குது. ஒண்டு மட்டும், இப்படிப் பெரிய சுவர் வரேக்க பேர் பெற்ற ஒருத்தரையே எல்லா இடமும் கூப்பிடுற பழக்கம் இருக்குது. ஒரு இளம் ஆளையும் உதவிக்குச் சேர்த்து அவருக்கும் சம்பளம் குடுக்கச் சொல்லி எழுதுங்கோ. அடுத்த சுவர் அவற்ற கையில வரும்.

மின்கம்பி:

நல்லா எழுதிருக்கீங்க. ஓவியர் பேரும் கதையும் போடற பலகைய பெட்டிக் கதவுல ஒட்டாதீங்க. ஃபால்ட் வந்து பெட்டிய மாத்தினா பழசு யார்டுக்கு போயிடும், அதோட பலகையும் போயிடும், புதுப் பெட்டி பச்சையா வந்து நிக்கும். பக்கத்துல தரையில தனியா ஒரு சின்ன கால் நட்டு அதுல வைக்க சொல்லுங்க, பெட்டி மாத்தினா படத்தை திருப்பி போடற செலவு கம்பெனியோடதுன்னும் அந்த பராமரிப்பு வரிலயே சேத்துடுங்க. கால் நடற இடத்துக்கு கேபிள் வரைபடம் வாங்கிட்டுத்தான் குழி தோண்டணும், பெட்டிய சுத்தி நாலு பக்கமும் லைன் போகும். கதவு முழுசா திறக்கற அளவுக்கு இடமும் விடணும், இல்லன்னா முதல் ரிப்பேருக்கு வர்ற ஆளே அத புடுங்கிடுவான்.